ஒரு இணைய நிறுவனத்தின் ஐபி தொகுதிகளையும் ரூட்டிங் இணைப்புகளையும் சரியாகப் படிப்பது எப்படி

ஏதாவது ஒரு இணைய நிறுவனத்தின் ஏஎஸ் எண்ணை, அதாவது அதன் வலையமைப்பின் அடையாள எண்ணைத் தேடினால், பிஜிபி (வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் முறை) தகவல் தளங்கள் நொடியில் ஒரு பக்கத்தைக் காட்டிவிடும். அதில் இத்தனை பிரிஃபிக்ஸ் (அறிவிக்கப்படும் முகவரித் தொகுதி), இத்தனை பியர் (தங்களுக்குள் நேரடியாக டிராஃபிக் மாற்றிக்கொள்ளும் அண்டை), இத்தனை அப்ஸ்ட்ரீம் (பணம் வாங்கிக்கொண்டு உலகோடு இணைக்கும் நிறுவனம்) என்ற எண்ணிக்கையும் கோடுகள் பின்னிய ஒரு படமும் இருக்கும். பார்த்தவர்கள் அதை அப்படியே நகலெடுத்து ஃபயர்வாலில் போடுவார்கள், அல்லது "இவர்களுக்கு இரண்டு அப்ஸ்ட்ரீம் இருக்கிறது, நம்பிக்கையாக இணைப்பு வாங்கலாம்" என்று முடிவெடுப்பார்கள். இரண்டுமே தவறாகப் போக நிறைய வாய்ப்பிருக்கிறது.

அந்த ஒரே பக்கத்தில் மூன்று வெவ்வேறு கணக்குகள் கலந்திருப்பதுதான் காரணம். முகவரி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது அதை ஒதுக்கும் பதிவகத்தின் கணக்கு. அதை இப்போது எந்த ஏஎஸ் உலகுக்கு அறிவிக்கிறது என்பது பிஜிபியின் கணக்கு. அப்படி அறிவிக்க யாருக்கு அனுமதி என்பது ஆர்பிகேஐ (கையொப்பமிட்ட அனுமதிகள்), ஐஆர்ஆர் (கையொப்பமில்லாத பழைய பதிவுகள்) இரண்டின் கணக்கு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் இங்கே செய்யவேண்டிய வேலை. மூன்றும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாத இடத்தில்தான் தோண்டவேண்டும்.

முதலில் ஏஎஸ் எண்ணைப் பிடியுங்கள்

நிறுவனத்தின் பெயரைக் கொண்டு தேடாதீர்கள். ஒரே நிறுவனம் மூன்று நான்கு ஏஎஸ் எண்களை வைத்திருக்கும். கைமாறிய நிறுவனங்களின் பழைய பெயர்கள் பதிவேட்டில் அப்படியே கிடக்கும். அந்த நிறுவனத்தின் இணைப்பில் இருக்கும் ஒரு ஐபி முகவரியிலிருந்து தொடங்குவதுதான் பாதுகாப்பானது.

உங்கள் ரூட்டரின் வெளி முகவரி 100.64.0.0/10 என்ற வரம்புக்குள், அதாவது 100.64-இலிருந்து 100.127 வரை இருந்தால், அது பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் கேரியர் நாட் முகவரி. 2012-இல் ஆர்எஃப்சி 6598 என்ற இணைய ஆவணம் இதற்காகவே ஒதுக்கிய இடம் இது. உலக ரூட்டிங் அட்டவணையில் இது கிடைக்காது. வெளியே உள்ள ஒரு தளம் உங்களை எந்த முகவரியாகப் பார்க்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த முகவரியை ரைப்ஸ்டாட், ஹரிகேன் எலக்ட்ரிக்கின் பிஜிபி டூல்கிட் போன்ற ஏதாவது ஒரு தளத்தில் கொடுத்தால் இரண்டு விடைகள் வரும்: அந்த முகவரியை உள்ளடக்கி அறிவிக்கப்பட்டிருக்கும் பிரிஃபிக்ஸ், அதை அறிவிக்கும் ஆரிஜின் ஏஎஸ். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் 64496 முதல் 64511 வரையுள்ள எண்களைப் பயன்படுத்துகிறோம். அவை ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, யாருடையவையும் அல்ல.

சில எண்களைப் பாதையில் கண்டால் உடனே சந்தேகப்படலாம். 64512 முதல் 65534 வரை உள்ளவை தனிப் பயன்பாட்டுக்கானவை. உலகப் பாதையில் தெரிந்தால் யாரோ அகற்ற மறந்திருக்கிறார்கள். 23456 தெரிந்தால், வழியில் எங்கோ 32 பிட் ஏஎஸ் எண் புரியாத பழைய ரூட்டர் இருக்கிறது. அதோடு பேசும் புதிய ரூட்டர், அதற்குப் புரியாத எண்ணுக்குப் பதிலாக இந்த எண்ணைப் போடுகிறது.

பதிவகத்தில் என்ன எழுதியிருக்கிறது

அடுத்தது, முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லும் ஹூஇஸ் தேடல் அல்லது அதன் புதிய வடிவமான ஆர்டாப். ஏபினிக், ரைப், ஆரின், லாக்னிக், ஆஃப்ரினிக் என்று 5 வட்டாரப் பதிவகங்கள் உள்ளன. முகவரி எந்தப் பதிவகத்தின் கீழ் வருகிறதோ அங்கேயே கேளுங்கள். வேறு இடத்தில் கேட்டால் "இது எங்களுடையது அல்ல" என்ற பொதுப் பதிவுதான் வரும். அதை விடை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

பதிவில் உரிமையாளர் பெயரைவிட முக்கியமானது நிலை என்ற வரி. ஏபினிக் பதிவுகளில் போர்ட்டபிள், நான்-போர்ட்டபிள் என்று வித்தியாசம் காட்டியிருப்பார்கள். போர்ட்டபிள் என்றால் வைத்திருப்பவர் நிறுவனம் மாறும்போது முகவரியையும் கூடவே எடுத்துப்போகலாம். நான்-போர்ட்டபிள் என்றால் அது மேலே உள்ள நிறுவனத்தின் தொகுதியிலிருந்து கிள்ளிக் கொடுத்தது. உறவு முடிந்தால் திருப்பிக் கொடுக்கவேண்டும். ரைப் பதிவுகளில் இதே வேலையை பிஐ, பிஏ என்ற குறிகள் செய்கின்றன.

உரிமையாளர் பெயரும் அறிவிக்கும் ஏஎஸ்ஸின் பெயரும் வேறாக இருந்தால் பதற வேண்டாம். 2011 பிப்ரவரி 3 அன்று, உலக முகவரி இருப்பைப் பராமரிக்கும் ஐயானா தன்னிடமிருந்த கடைசி ஐந்து பெரிய (/8) தொகுதிகளைப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. அதன்பின் ஐபி நான்காம் பதிப்பு முகவரிகளை வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் அன்றாட வியாபாரமாகிவிட்டன. வாடகைத் தொகுதியில் பதிவு ஒருவர் பெயரில் இருக்கும், அறிவிப்பு இன்னொருவரிடமிருந்து வரும். புவியிடத் தரவுத்தளம் மூன்றாவதாக ஒரு நாட்டைக் காட்டும். முந்தைய வாடகைதாரரின் நாடு அது. இதைக் கண்டுபிடிக்க, அந்தப் பிரிஃபிக்ஸின் ரூட்டிங் வரலாற்றை ரைப்ஸ்டாட்டில் பாருங்கள். எந்த ஏஎஸ் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அறிவித்தது என்பது பட்டையாகத் தெரியும்.

எத்தனை முகவரி என்று கூட்டும்போது

இங்கேதான் அறிக்கை எழுதுபவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். /24 என்றால் 256 முகவரி, /22 என்றால் 1,024, /20 என்றால் 4,096. ஒரு ஏஎஸ் ஒரு /20-ஐயும், அதற்குள்ளேயே இருக்கும் நான்கு /22-களையும், தனியாக இரண்டு /24-களையும் அறிவிக்கிறது என்று வையுங்கள். பட்டியலை அப்படியே கூட்டினால் 8,704 வரும். உண்மையில் அவர்களிடம் இருப்பது 4,608 மட்டுமே. அந்த நான்கு /22-களும் சேர்ந்ததுதான் /20. முதலில் பெரிய தொகுதிக்குள் அடங்குபவற்றை நீக்கிவிட்டுத்தான் கூட்டவேண்டும்.

அதே தொகுதியை ஏன் இரண்டு முறை அறிவிக்கிறார்கள்? ரூட்டர் எப்போதும் மிகக் குறுகிய பொருத்தத்தையே தேர்ந்தெடுக்கும். /20-ஐவிட /22 ஜெயிக்கும். ஆகவே இரண்டு /22-களை ஓர் அப்ஸ்ட்ரீம் வழியாகவும் மற்ற இரண்டை இன்னொன்று வழியாகவும் அறிவித்தால் உள்ளே வரும் டிராஃபிக் பிரிந்துவிடும். ஒரு பக்கம் அறுந்தால் /20 கைகொடுக்கும். இது முறையான உத்திதான். ஆனால் எல்லாவற்றையும் /24-ஆக உடைத்து அறிவிப்பது சோம்பேறித்தனம். அந்தச் சுமையை உலகிலுள்ள ஒவ்வொரு முழு அட்டவணை ரூட்டரும் சுமக்கிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று அட்டவணை 5,12,000 வரிகளைத் தாண்டியபோது, நினைவக வரம்பு அவ்வளவே வைத்திருந்த பழைய ரூட்டர்கள் ஆங்காங்கே தடுமாறின.

/24-ஐவிடச் சிறிய அறிவிப்பு எதையும் உலக அட்டவணையில் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் /25 முதல் அதற்குக் கீழுள்ளவற்றை வடிகட்டிவிடும். ஐபி ஆறாம் பதிப்பில் இந்த எல்லை /48. அங்கே முகவரி எண்ணிக்கையைப் பேசுவதில் பயனில்லை. ஒரு /32-க்குள் 65,536 /48-கள் இருக்கின்றன என்ற கணக்குப் போதும்.

பிரிஃபிக்ஸ் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருக்கும் தெரிவு வீதத்தையும் கவனியுங்கள். ரூட்வியூஸ், ரைப் நடத்தும் ரிஸ் ஆகியவற்றின் (பல நிறுவனங்களின் பாதைகளைத் திரட்டும்) சேகரிப்பு நிலையங்களுக்கு முழு அட்டவணை தரும் ரூட்டர்களில் எத்தனை பங்கு இதைப் பார்க்கின்றன என்பதே அது. ஏறக்குறைய எல்லாமே பார்த்தால் சரி. மிகச் சிலவே பார்த்தால், அது ஒரு பகுதிக்குள் மட்டும் அறிவிக்கப்பட்டதாகவோ, வடிகட்டிகளில் மாட்டியதாகவோ, கசிந்த உள் அறிவிப்பாகவோ இருக்கும். அதைச் செயல்படும் தொகுதியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாதையை வலமிருந்து வாசியுங்கள்

ஒரு சேகரிப்பு நிலையத்தில் இப்படி ஒரு ஏஎஸ் பாதை தெரிகிறது: 64510 64505 64500 64500 64500. வலது ஓரத்தில் இருப்பது ஆரிஜின், அதாவது 64500. அதை ஒட்டி இடதுபுறம் இருக்கும் 64505 நேரடி அண்டை. இடது ஓரத்தில் உள்ள 64510 சேகரிப்பு நிலையத்துக்குத் தகவல் தருபவர். 64500 மூன்று முறை வருவது பிழையல்ல. தன் எண்ணைத் திரும்பத் திரும்பச் சேர்த்து அந்தப் பாதையை நீளமாகக் காட்டி, டிராஃபிக்கை வேறு பக்கம் தள்ளும் ப்ரிபெண்டிங் வேலை. ஆகவே 64505 அநேகமாக அவர்களுடைய மாற்று வழி; முதன்மை வழி வேறு எங்கோ இருக்கிறது. வெவ்வேறு நிலையங்களிலிருந்து பாதைகளை எடுத்து ஒப்பிட்டால் அதுவும் தெரியவரும்.

ஒரே பிரிஃபிக்ஸுக்கு வலது ஓரத்தில் இரண்டு வெவ்வேறு ஏஎஸ் தெரிந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: எனிகாஸ்ட் சேவை (ஒரே முகவரியைப் பல இடங்களிலிருந்து அறிவிப்பது), ஓர் ஏஎஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு இடமாற்றம், அல்லது கடத்தல் (அடுத்தவர் தொகுதியை அனுமதியின்றி அறிவிப்பது). முதல் இரண்டில் இரு ஏஎஸ்களுக்கும் ஏதாவது உறவு பதிவேட்டில் தென்படும்.

அப்ஸ்ட்ரீமா, பியரா?

தளங்கள் இதை ஊகித்துத்தான் சொல்கின்றன. பிஜிபியில் "இவர் என் வாடிக்கையாளர்" என்று எழுதிய வரி எதுவும் பாதையில் வருவதில்லை. ஊகத்தின் அடிப்படை பணம். ஒரு நிறுவனம் தனக்குப் பணம் தரும் வாடிக்கையாளரின் பாதையை எல்லோருக்கும் சொல்லும். பியரிடமிருந்தோ அப்ஸ்ட்ரீமிடமிருந்தோ கேட்ட பாதையைத் தன் வாடிக்கையாளருக்கு மட்டுமே சொல்லும்; இல்லையென்றால் இரு பெரிய நிறுவனங்களுக்கிடையே தன் செலவில் டிராஃபிக் சுமக்க நேரும்.

இதிலிருந்து நீங்களே சோதிக்கலாம். 64505-க்கும் 64500-க்கும் இடையேயான இணைப்பு, உலகின் பல மூலைகளில் உள்ள நிலையங்களிலிருந்து தெரிகிறது என்றால் 64505 அப்ஸ்ட்ரீம். 64505-உம் அதன் வாடிக்கையாளர்களும் மட்டுமே பார்க்கிறார்கள் என்றால் அது பியர்.

இதே விதிக்கு ஒரு பின்விளைவும் உண்டு, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். பியரிங் இணைப்பைப் பார்க்கவேண்டுமானால் அந்தப் பியரோ அவருக்குக் கீழே உள்ள ஒருவரோ சேகரிப்பு நிலையத்துக்குத் தகவல் தந்துகொண்டிருக்கவேண்டும். பெரும்பாலானோர் தருவதில்லை. ஆகவே தளம் காட்டும் பியர் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்; அப்ஸ்ட்ரீம் எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம். பல நிறுவனங்கள் கூடிப் பியரிங் செய்யும் இணைப்பு மையங்களில் பாதைகளைப் பகிர்ந்தளிக்கும் ரூட் சர்வர்கள் வழக்கமாகத் தங்கள் ஏஎஸ் எண்ணைப் பாதையில் சேர்ப்பதில்லை என்பதால் அவையும் படத்தில் தெரியாது. இந்த ஓட்டையை அடைக்க பியரிங்டிபி உதவும்: எந்தெந்த இணைப்பு மையத்தில், எவ்வளவு வேகமுள்ள போர்ட்டில் இருக்கிறார்கள் என்று நிறுவனங்கள் தாங்களே எழுதிவைக்கும் இடம் அது. தாங்களே எழுதுவதால் பழசாகியிருக்கவும் கூடும். கடைசியாகத் திருத்திய தேதியைப் பாருங்கள்.

இணைப்பு வாங்கும் முன் பார்ப்பவர்களுக்கு ஒன்று: இரண்டு அப்ஸ்ட்ரீம் இருக்கிறது என்பதோடு நிற்காமல் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பாருங்கள். அந்த இரண்டுமே ஒரே மூன்றாவது நிறுவனத்திடம் டிரான்சிட் (உலகுக்கான இணைப்பு) வாங்கினால், உங்களுக்கு இருப்பது ஒற்றை வழிதான். ஃபைபர் எந்தக் குழாயில் போகிறது என்பது பிஜிபியில் எங்கேயும் தெரியாது. அதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.

மேலே சொன்ன விதி மீறப்படும்போது நேர்வதுதான் ரூட் கசிவு. 2019 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் டிகியூஇ என்ற நிறுவனம் டிராஃபிக்கைப் பிரிக்கும் ஒரு கருவியால் உருவாக்கிய குறுகிய பிரிஃபிக்ஸ்களைத் தன் வாடிக்கையாளருக்குச் சொன்னது. அந்த வாடிக்கையாளர் அவற்றைத் தன் இன்னொரு அப்ஸ்ட்ரீமான வெரைசனுக்குச் சொன்னது. வெரைசன் வடிகட்டாமல் உலகுக்குச் சொன்னது. கிளவுட்ஃபிளேர் உட்படப் பலருடைய டிராஃபிக் ஒரு சிறிய நிறுவனத்தின் வாசலில் வந்து குவிந்தது. அண்டையிடமிருந்து இத்தனை பிரிஃபிக்ஸுக்கு மேல் ஏற்காதே என்ற ஒரு வரி உச்சவரம்பு இருந்திருந்தாலே அந்த செஷன் அறுந்து, விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பியரிங்டிபியில் ஒவ்வொரு நிறுவனமும் இந்த உச்சவரம்புக்கான எண்ணை எழுதிவைப்பதும் அதனால்தான்.

அனுமதி: ரோவாவும் ஐஆர்ஆரும்

2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் 208.65.152.0/22 என்ற தொகுதியை அறிவித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் டெலிகாம், உள்நாட்டில் தளத்தைத் தடுக்க உருவாக்கிய 208.65.153.0/24 என்ற அறிவிப்பை வெளியேயும் விட்டுவிட்டது. அதன் அப்ஸ்ட்ரீம் பிசிசிடபிள்யூ அதைப் பரப்பியது. /22-ஐ /24 வென்றது. யூடியூப் அதே /24-ஐயும் பிறகு இரண்டு /25-களையும் அறிவித்துப் போராடியது. கடைசியில் பிசிசிடபிள்யூ அந்தப் பாதைகளை விலக்கிக்கொண்டபின்தான் நிலைமை சரியானது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று.

இதைத் தடுக்க வந்ததே ஆர்பிகேஐ. முகவரி உரிமையாளர் பதிவகத்தின் தளத்தில் ரோவா என்ற கையொப்பமிட்ட ஆவணத்தை உருவாக்குகிறார். அதில் மூன்று தகவல்கள்: பிரிஃபிக்ஸ், அறிவிக்க அனுமதிபெற்ற ஏஎஸ், உச்ச நீளம். ஓர் அறிவிப்பை ரோவாக்களோடு ஒப்பிட்டால் விடை செல்லும், செல்லாது, ரோவா இல்லை என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். "ரோவா இல்லை" என்பதை யாரும் தடுப்பதில்லை. "செல்லாது" என்பதைச் சோதிக்கும் நிறுவனங்கள் தூக்கி எறிந்துவிடும். தளத்தில் ஒரு பிரிஃபிக்ஸ் சிவப்பில் தெரிந்தால் உடனே கடத்தல் என்று முடிவு கட்டாதீர்கள்; நிறைய நேரம் உரிமையாளரே /22-க்கு உச்ச நீளம் 22 என்று எழுதிவிட்டு /24-ஐ அறிவித்திருப்பார்.

சொந்தத் தொகுதிக்கு ரோவா போடுகிறவர்கள் வரிசையை மாற்றக்கூடாது. உங்கள் /20-க்குள் ஒரு வாடிக்கையாளர் தன் சொந்த ஏஎஸ்ஸிலிருந்து ஒரு /24-ஐ அறிவிக்கிறார் என்றால், முதலில் அந்த /24-க்கு அவர் ஏஎஸ் எண்ணோடு ரோவா போடுங்கள். அது செயல்பட்டபின் உங்கள் /20-க்குப் போடுங்கள். தலைகீழாகச் செய்தால் இடைப்பட்ட நேரத்தில் வாடிக்கையாளரின் அறிவிப்பு "இல்லை" என்பதிலிருந்து "செல்லாது" என்று மாறி, அவர் இணையத்தின் பாதியிலிருந்து காணாமல் போவார். உச்ச நீளத்தைத் தாராளமாக 24 என்று எழுதிவிடுவதும் நல்லதல்ல. நீங்கள் அறிவிக்காத /24-களை வேறொருவர் உங்கள் ஏஎஸ் எண்ணைப் பாதையின் வலது ஓரத்தில் ஒட்டி அறிவித்தால் அது "செல்லும்" என்றே தேறும். உண்மையில் அறிவிப்பவற்றுக்கு மட்டும் ரோவா போடச்சொல்லி ஆர்எஃப்சி 9319 பரிந்துரைப்பது இதனால்தான்.

ஐஆர்ஆர் பழைய முறை. ராட்பி போன்ற தரவுத்தளங்களில் "இந்தப் பிரிஃபிக்ஸின் ஆரிஜின் இந்த ஏஎஸ்" என்று ரூட் பதிவு எழுதுவார்கள். கையொப்பம் எதுவும் கிடையாது. ஆனாலும் பல அப்ஸ்ட்ரீம்கள் தங்கள் வடிகட்டிகளை இதிலிருந்துதான் தயாரிக்கின்றன, அதுவும் நாளுக்கொரு முறை. புதுத் தொகுதியை அறிவிக்கும் முதல் நாளில் ஓர் அப்ஸ்ட்ரீம் வழியாக மட்டும் தெரியவில்லை என்றால், ரூட் பதிவு இருக்கிறதா, உங்கள் ஏஎஸ் தொகுப்பில் (உங்கள் வழியாக அறிவிக்கப்படும் ஏஎஸ்களின் பட்டியல்) சரியான எண் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுநாள் வரை பொறுங்கள்.

டிரேஸ்ரூட்டை எங்கே நம்பலாம்

பிஜிபி சொன்னதை, வழியிலுள்ள ரூட்டர்களைப் படிப்படியாகக் காட்டும் டிரேஸ்ரூட்டால் சரிபார்க்கலாம், ஆனால் மூன்று இடங்களில் அது ஏமாற்றும். இரு நிறுவனங்களை இணைக்கும் சிறு லிங்க்கின் முகவரி வழக்கமாக அப்ஸ்ட்ரீமுடையது. ஆகவே வாடிக்கையாளரின் ரூட்டர் அப்ஸ்ட்ரீமின் ஏஎஸ்ஸாகத் தெரியும், எல்லை ஒரு படி தள்ளிப்போகும். இணைப்பு மையங்களின் பொது லேன் முகவரிகள் பெரும்பாலும் பிஜிபியில் அறிவிக்கப்படாததால் அந்தப் படிக்கு ஏஎஸ் எண் வராது. பியரிங்டிபியில் தேடினால் எந்த மையம் என்று தெரியும். மூன்றாவது, நடுவில் ஒரு படியில் மட்டும் தாமதம் அதிகமாகி அடுத்த படிகளில் இறங்கிவிட்டால் அது பழுதல்ல, அந்த ரூட்டர் பதில் சொல்வதற்குக் கடைசி முன்னுரிமை தருகிறது. திரும்பிவரும் பாதை இதில் தெரியவே தெரியாது; அதற்கு எதிர்ப்பக்க நிறுவனத்தின் லுக்கிங் கிளாஸ் என்ற பொதுச் சோதனைப் பக்கத்திலிருந்து உங்கள் முகவரியை நோக்கிச் சோதியுங்கள்.

ஃபயர்வாலுக்குப் பட்டியல் எடுப்பவர்களுக்கு

ஒரு ஏஎஸ் அறிவிக்கும் எல்லாவற்றையும் அனுமதித்தால், அந்த நிறுவனத்திடம் இடம் வாடகைக்கு எடுத்த அத்தனை பேரையும் உள்ளே விடுகிறீர்கள். அதேசமயம் அவர்களின் இன்னொரு ஏஎஸ்ஸில் இருக்கும் முகவரிகள் தப்பிவிடும். சேவை நிறுவனம் தானே முகவரிப் பட்டியலை வெளியிட்டிருந்தால் அதையே எடுங்கள். இல்லாதபோது மட்டும் பிஜிபி பட்டியல். அதுவும் உள்ளடங்கியவற்றை நீக்கி, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டோடு. புதிய பட்டியல் பழையதைவிடத் திடீரென்று பாதியாகச் சுருங்கியிருந்தால் ஏற்காமல் நிறுத்தும் ஒரு சோதனையும் வையுங்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் தன் பெயர் சேவையகங்களுக்கான பாதைகளை உலக அட்டவணையிலிருந்து தவறுதலாக விலக்கிக்கொண்டது. அப்படி ஒரு நேரத்தில் பட்டியல் எடுத்தால் ஓட்டையோடுதான் வரும்.

தவறைக் கண்டால் யாருக்கு, எப்படி எழுதுவது

ஸ்பேம், தாக்குதல் என்றால் ஹூஇஸ் பதிவில் உள்ள முறைகேட்டுப் புகார் முகவரிக்கு எழுதுங்கள். ரூட்டிங் பிழை என்றால் அங்கே எழுதிப் பயனில்லை. பியரிங்டிபியில் இருக்கும் என்ஓசி (வலையமைப்பை இயக்கும் குழு) தொடர்புக்கு எழுதுங்கள். தவறாக அறிவிப்பவர் பதில் தராவிட்டால் அவருடைய அப்ஸ்ட்ரீமுக்கு எழுதுங்கள்; வடிகட்ட அவர்களால் முடியும்.

மடலில் இருக்கவேண்டியவை: தவறான பிரிஃபிக்ஸ், எதிர்பார்க்கும் ஆரிஜின், தெரியும் ஆரிஜின், முழு ஏஎஸ் பாதை, எந்த நிலையத்தில் பார்த்தீர்கள், யூடிசி நேரம், ரோவா நிலை. "உங்கள் இணைப்பு மெதுவாக இருக்கிறது" என்று தொடங்கும் மடல் முதல்நிலை உதவி மையத்தைத் தாண்டாது. ஏஎஸ் பாதையை முதல் வரியில் ஒட்டிய மடல் நேராக ரூட்டரைத் தொடும் ஆளிடம் போகும்.